மவுஸ்: ஒரு சொல்லின் பல வளைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்த விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் என்னைப் பணித்தபோது, காப்பியம், கவிதை மரபு, திறனாய்வு என்று பெரும்பொருள் ஒன்றை நான் எடுத்துக்கொள்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டதோ மிகச் சிறிய பொருள். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்துகளில் அடங்கும் ‘மவுஸ்’ என்னும் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாக இருக்கிறதே என்று நீங்கள் நகைக்கலாம். எனக்கு நேர்ந்தது அதன் மறுதலை. எலி வளையைக் கெல்லப்போய் மலையைக் கண்டவன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்; நம் வட்டத்தின் கதையில் அதுவும் ஒரு பகுதி.

வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டு. மாதக் கூட்டம் ஒன்றில் படிப்பதற்காக, குத்துச்சண்டை வீரன் ஒருவனைப் பற்றிய ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்திருந்தேன். பந்தயத்தில் தோற்று வீடு திரும்புகிற அவன் மறுநாள் காலை கண்ணாடியில் முகம் பார்க்கிறான். அவன் கண்ணுக்குக் கீழே ஒரு ‘மவுஸ்’ இருந்தது என்று மூலத்தில் இருந்தது. நான் சற்றும் தயங்காமல், ‘கண்ணுக்குக் கீழே ஒரு சுண்டெலி இருந்தது’ என்று எழுதினேன். எழுதியதோடு நின்றேனா? தோல்வியுற்றவனின் அச்சம் எலி வடிவங்கொண்டு அவன் முகத்திலேயே குடியேறிவிட்டது, இஃது அரியதொரு படிமம் என்று விளக்கமும் சொன்னேன். அவையும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் படிமத்தைப் பற்றி அரைமணி நேரம் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் கலந்துகொண்ட சிலர் இப்போது முன்வரிசையில் அமர்ந்து புன்னகைக்கிறார்கள்.

விவாதம் முடியும் தறுவாயில், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். முப்பதாண்டுக் காலம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கவிதை எழுதுபவர் அல்லர். கேட்பதற்காக மட்டுமே வருபவர். “ஐயா, அது எலி இல்லைங்க. வீக்கம். அடிபட்டுக் கண்ணுக்கடியில் கன்றிப்போய்ப் புடைத்து நிற்கும் பாருங்கள், அதைத்தான் கப்பலில் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள்” என்றார்.

அவை சிரித்தது. அந்தச் சிரிப்பில் பகையில்லை என்பது இன்று எனக்குத் தெரியும், அன்று தெரியவில்லை. அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு நான் வரவில்லை. இரண்டாவது கூட்டத்திற்கு மறுநாள் அந்தப் பெரியவரே என் இல்லம் தேடி வந்தார். கையில் ஓர் இரும்புக் கொக்கியும் கொஞ்சம் சணல் கயிறும் வைத்திருந்தார். “இன்னொரு மவுஸ் இருக்குங்க, காட்டலாமென்று வந்தேன்” என்றார். அன்று தொடங்கிய தேடலின் பயனைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் காட்டியது இதுதான். பாரம் தூக்கும் கொக்கியில் கயிற்றையோ வளையத்தையோ மாட்டிய பிறகு, அது நழுவிவிடாமல் இருக்கக் கொக்கியின் வாயைக் குறுக்காகக் கயிறு சுற்றி அடைத்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்கு மவுஸ் என்று பெயர். அவ்வாறு கட்டும் செயலையும் அச்சொல்லாலேயே குறிப்பார்கள். பாய்மரக் கப்பல்களின் காலத்தில், பாய்மரத்தைத் தாங்கும் தடித்த கயிற்றில், சுருக்கு வளையம் நழுவாதிருக்க நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு புடைப்பை உண்டாக்கினார்கள். அந்தப் புடைப்புக்கும் அதே பெயர். கயிற்றின்மேல் பதுங்கியிருக்கும் எலியைப் போல் அது தோன்றியிருக்க வேண்டும். கண்ணின்கீழ் வீக்கமும் கயிற்றின்மேல் புடைப்பும் ஒரே சொல்லில் வந்து கூடுகின்றன. இரண்டிலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு பரப்பின்மேல் திரண்டெழும் சிறு மேடு.

இதை நான் அடுத்த கூட்டத்தில் சொன்னபோது, நம் மருத்துவ நண்பர் இன்னொரு வளையைத் திறந்துகாட்டினார். தசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘மசில்’ என்பது இலத்தீன் மொழியின் ‘மஸ்குலஸ்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. மஸ்குலஸ் என்றால் ‘சின்னஞ்சிறு எலி’ என்று பொருள். கையை மடக்கி முறுக்கும்போது தோலுக்கடியில் தசை திரண்டு ஓடுகிறதல்லவா? போர்வைக்கடியில் எலி ஓடுவதுபோல் அது பண்டை மக்களுக்குத் தோன்றியிருக்கிறது. கிரேக்க மொழியில் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்தான். இன்றும் மருத்துவர்கள் இதயத் தசையை ‘மயோகார்டியம்’ என்கிறார்கள். அதிலுள்ள ‘மயோ’ அந்தக் கிரேக்க எலியின் வழியில் வந்ததே. அப்படியானால் நம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஓர் எலி ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிறது! கடலில் வாழும் சிப்பி வகை ஒன்றுக்கும் இதே இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலப் பெயர் வந்தது. 1758ஆம் ஆண்டில் உயிரினங்களுக்கு முறைப்படி பெயரிட்ட லின்னேயஸ், வீட்டுச் சுண்டெலிக்கு இட்ட பெயர் ‘மஸ் மஸ்குலஸ்’. எலியென்றும் சிற்றெலியென்றும் இருமுறை அழைத்தாற்போல் அமைந்த பெயர் அது.

இந்தச் சொல்லின் வேர் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘மூஸ்’, செருமானிய மொழியில் ‘மௌஸ்’, இலத்தீனில் ‘மூஸ்’, வடமொழியில் ‘மூஷ்’, ‘மூஷிகம்’. யாவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். வடமொழியிலிருந்து மூஷிகம் என்ற சொல்லைத் தமிழ் முன்னரே பெற்றுக்கொண்டது; விநாயகப் பெருமானின் ஊர்தியாகத் திருக்கோயிலில் அது வீற்றிருக்கிறது. கணிப்பொறியோடு வந்து சேர்ந்த ‘மவுஸ்’ புதிய விருந்தாளி என்று நாம் நினைக்கிறோம். அதன் உறவினர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் கருவறை வாயிலில் வந்து அமர்ந்துவிட்டார். ஆனால் ‘இந்த ஆண்டு பட்டுக்கு மவுசு கூடிவிட்டது’ என்று கடைவீதியில் சொல்கிறோமே, அந்த மவுசுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையன்றி உறவேதும் இல்லை.

அன்பர்களே, இதுவரை சொன்னவை உருவம் பற்றிய பொருள்கள். ஒருவர் சொல்லிக் கொடுத்தால் அவை விளங்கிவிடும். கவிஞர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உண்மையான இடர்ப்பாடு குணம் பற்றிய பொருள்களில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘மவுஸ்’ வேறு, ‘ராட்’ வேறு. முன்னது சிறியது, பின்னது பெரியது என்பது மட்டும் வேறுபாடன்று. முன்னது அடக்கமுடையது, அஞ்சி ஒடுங்குவது, இரக்கத்திற்குரியது. அன்பிற்குரிய பெண்ணைக் கொஞ்சி அழைக்கவும் ஒரு காலத்தில் அச்சொல் பயன்பட்டது. பின்னதோ வஞ்சகன், காட்டிக்கொடுப்பவன், மூழ்கும் கப்பலைக் கைவிட்டு ஓடுபவன். தமிழில் ‘எலி’ என்ற ஒரே சொல் இரண்டையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. சுண்டெலி, வயலெலி, வெள்ளெலி என்று நாம் அடைகொடுத்துப் பிரிப்பது வகையையும் வாழிடத்தையும் குறிக்கவே. ஒழுக்கத்தைக் குறிக்க அன்று.

இதனால் விளையும் இடரை ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் காணலாம். மூன்றாம் அங்கத்தில், சிற்றப்பனின் குற்றத்தை வெளிக்கொணர இளவரசன் அரங்கேற்றும் நாடகத்திற்கு ‘எலிப்பொறி’ என்று பெயர் சொல்கிறான். அங்கே ஆளப்பட்டது ‘மவுஸ்’. அதை அடுத்துத் தாயின் அறையில், திரைக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்பவனை வாளால் குத்தும்போது அவன் வாயில் வருவது ‘ராட்’. அதே காட்சியின் இறுதியில், அரசன் தன் தாயைக் கொஞ்சி அழைக்கும் சொல் என்று அவன் வெறுப்போடு குறிப்பிடுவது மீண்டும் ‘மவுஸ்’. பொறியில் சிக்கவேண்டியவன், திரைமறைவில் சாகிறவன், படுக்கையறையில் கொஞ்சப்படுகிறவள் என மூவரும் ஒரே விலங்கினத்தைச் சுற்றி வருகிறார்கள். மூன்றிடத்தும் ‘எலி’ என்றே எழுதினால் தொடர்பு நிற்கும், வேறுபாடு மறையும். மூன்றிடத்தும் வேறு வேறு சொல் பெய்தால் வேறுபாடு நிற்கும், தொடர்பு அறுந்துபோகும். இரண்டில் எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பதை மொழிபெயர்ப்பாளர் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் இழப்பதுதான் பிழை. நான் செய்தது அந்தப் பிழையே.

வஞ்சகனுக்கு நம்மிடம் எலி இல்லாவிட்டாலும், ஊரார் சொத்தைக் கரந்துண்டு கொழுப்பவனுக்குப் ‘பெருச்சாளி’ இருக்கிறது. அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? தெலுங்கில் அதற்குப் ‘பந்திகொக்கு’, அதாவது பன்றியெலி, என்று பெயர். அதைத்தான் அவர்கள் ‘பாண்டிகூட்’ ஆக்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியா சென்ற ஆங்கிலேயர், அங்கே கண்ட, வயிற்றில் பையுடைய, எலியினத்தோடு எவ்வகையிலும் சேராத வேறொரு விலங்குக்கு அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். நம் திராவிட மொழிக் குடும்பத்துச் சொல்லொன்று இப்படிக் கடல் கடந்து ஆள் மாறி வாழ்கிறது. ஆகவே, பிறமொழிச் சொல்லைத் தவறாகப் பொருத்தியவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்று எனக்கு ஓர் ஆறுதல்.

இனி, இந்தத் தேடலில் என்னை மிகவும் ஆட்கொண்ட பகுதிக்கு வருகிறேன். ஒரே காட்சியை இரு மொழிக் கவிஞர் எவ்வாறு நோக்கினர் என்பதே அது.

புறநானூற்றின் 190ஆம் பாடலைப் பாடியவன் சோழன் நல்லுருத்திரன். நாடாளும் வேந்தன். விளைந்த வயலிலிருந்து கதிரைக் கவர்ந்துபோய்த் தன் வளைக்குள் சேர்த்துவைக்கும் எலியை அவன் காண்கிறான். பிறர்க்குப் பயன்படாமல் பொருளை இறுகப் பற்றிக்கொள்ளும் சிறுமனத்தவர்க்கு அந்த எலியை உவமையாக்கி, அத்தகையோர் நட்பு தனக்கு வேண்டா என்கிறான். இடப்பக்கம் வீழ்ந்த பன்றியை உண்ணாமல் பட்டினி கிடந்து, மறுநாள் யானையை வலப்பக்கம் வீழ்த்தும் புலியைப் போன்றவர் நட்பே வேண்டும் என்கிறான். எலி இங்கே சிறுமையின் வடிவம்.

ஸ்காட்லாந்து நாட்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் உழவர். 1785ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவருடைய கலப்பை வயலெலி ஒன்றின் கூட்டைச் சிதைத்துவிட்டது. அதையொட்டி அவர் பாடிய கவிதை அடுத்த ஆண்டே அவருடைய முதல் தொகுதியில் வெளிவந்தது. குளிர்காலம் நெருங்குகிற வேளையில் வீடிழந்து நிற்கும் அந்தச் சிற்றுயிரிடம் அவர் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசுகிறார். நீ கதிர் திருடுவாய், அறிவேன். நீயும் உயிர்வாழ வேண்டாவா, எப்போதோ ஒரு கதிர் போனால் எனக்கென்ன குறைவு என்கிறார். மனிதர் திட்டமும் எலியின் திட்டமும் ஒன்றுபோலவே பாழாகும் என்கிறார். உனக்கு இன்றைய துன்பம் மட்டுந்தான். எனக்கோ நேற்றை நினைத்து வருத்தமும் நாளையை நினைத்து அச்சமும் சேர்ந்திருக்கின்றன என்று முடிக்கிறார். இந்தக் கவிதையின் தொடரொன்றைத்தான் 1937ஆம் ஆண்டில் ஜான் ஸ்டைன்பெக் தம் புதினத்திற்குத் தலைப்பாக்கினார்.

வயல் ஒன்றுபோன்றது. திருடப்பட்ட கதிரும் ஒன்றுபோன்றது. ஒருவர் இகழ்கிறார், ஒருவர் இரங்குகிறார். வேந்தனின் பாடலில் குறையொன்றும் இல்லை. நட்பின் தகுதியை அளக்க அவனுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. பர்ன்சோ கடன்பட்டு உழைக்கும் குடியானவர்; எலியின் கூட்டில் தம் வீட்டைக் கண்டார். அவர் கவிதையைத் தமிழாக்கும்போது நாம் ‘எலி’ என்று எழுதிய அளவிலேயே, நல்லுருத்திரனின் இகழ்ச்சியும் அழையாமல் உடன்வந்து அமர்ந்துகொள்கிறது. வள்ளுவரின் எலியும் சேர்ந்து வரும். படைமாட்சி அதிகாரத்தில் எலிப்பகை கடலைப்போல் ஆரவாரிக்கிறது. நாகம் மூச்சுவிட்ட அளவில் அழிகிறது. ஆங்கிலத்தில் ஓசையின்மைக்கே உவமையாகும் உயிர், குறளில் வீண் ஓசைக்கு உவமை. இத்தனை நினைவுகளையும் தாண்டித்தான் பர்ன்சின் எலி தமிழுக்குள் வரவேண்டும்.

வழி உண்டா? உண்டு என்றே எண்ணுகிறேன். பர்ன்ஸ் அந்தச் சொல்லின் இறுதியில் கொஞ்சும் ஓசை ஒன்றைச் சேர்த்து, அதைச் செல்லப் பெயராக்கிவிடுகிறார். ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கு அது. நம்மிடம் அதற்கு ஈடாக ‘குட்டி’ இருக்கிறது. எலியின் இளமைக்குக் குட்டி என்ற பெயர் உரியதென்று தொல்காப்பிய மரபியலே சொல்கிறது. வளர்ந்த மகளையும் செல்லக்குட்டி என்று அழைக்கும் தாய்மார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே ‘எலிக்குட்டி’ என்று விளித்தால் வயதைச் சுட்டாமல் வாஞ்சையைச் சுட்டும். அந்த ஒரு சொல் நல்லுருத்திரனின் எலியைச் சற்றே விலகி நிற்கச் செய்யும். நான் அவ்வாறே செய்தேன். சரிதானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இறுதியாக, இன்று மவுஸ் என்றவுடன் எல்லோர் நினைவுக்கும் வரும் கருவி. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் சிந்தித்து, பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் உருவாக்கிய மரப்பெட்டி அது. அடியில் செங்குத்தாக அமைந்த இரண்டு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான், பின்னால் வால்போல் ஒரு கம்பி. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அதை அவர் அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். அப்போதே அந்தப் பெயருக்காகச் சற்றுக் கூச்சப்பட்டு, ஏன் அப்படி அழைக்கிறோம் என்று தமக்கே தெரியவில்லை, தொடக்கத்தில் வந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது என்ற கருத்தில் பேசினார். 1970இல் அவர் பெற்ற காப்புரிமை ஆவணத்தில் அதன் பெயர் திரையில் இடங்காட்டும் கருவி என்னும் பொருள்பட நீண்டிருக்கிறது. அந்த நீண்ட பெயர் ஆவணத்தோடு நின்றுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் யாரோ விளையாட்டாகச் சொன்ன பெயர் உலகை வென்றது. இன்று பல கருவிகளில் அந்த வாலும் இல்லை. பெயர் வரக் காரணமான உறுப்பு போன பின்னும் பெயர் போகவில்லை.

பிறமொழியினர் பலர் அந்த விலங்கை அப்படியே தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர். பிரெஞ்சுக்காரர், செருமானியர், ஸ்பானியர் ஆகியோர் தத்தம் மொழி எலியின் பெயரையே இட்டனர். மலாய் மொழியினர் ‘திக்குஸ்’ என்னும் தம் எலியிலிருந்து ‘தெத்திக்குஸ்’ என்று புதுச்சொல் படைத்தனர். தமிழோ விலங்கை விட்டுவிட்டுத் தொழிலைப் பார்த்தது. சுட்டுவதனால் ‘சுட்டி’ என்றது. அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகளைத் தொல்காப்பியர் வகுத்த மொழிக்கு இது மிகப் பொருந்தும் பெயர். திரையில் ‘அது’ என்றும் ‘இது’ என்றும் காட்டுவதுதானே அதன் வேலை? சுண்டெலியை நினைவூட்டும் ‘சுட்டெலி’ என்ற சொல்லையும் சிலர் ஆக்கினர். விலங்கும் தொழிலும் அதில் கைகோத்தன. பாடநூலில் சுட்டியும் பேச்சில் மவுசும் இன்று அருகருகே வாழ்கின்றன.

இது குறித்து நம் வட்டத்திலேயே கருத்து வேறுபாடு உண்டு. மவுஸ் என்று எழுதுவோரைக் கடிவோரும், சுட்டி என்று எழுதுவோரை எள்ளுவோரும் இங்கே இருக்கிறோம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. கருவியின் பெயருக்கு நான் சுட்டியின் பக்கம். ஏனெனில் அது தமிழில் வேர்விட்டுப் பிற பொருள்களோடு பேசத் தொடங்கிவிட்டது. குறும்புக் குழந்தையும் சுட்டி. மணப்பெண்ணின் நெற்றியில் அசையும் அணியும் சுட்டி. என்றேனும் அயல்நாட்டார் ஒருவர் தமிழ்க் கதையை மொழிபெயர்க்கும்போது, ‘அவள் பெரிய சுட்டி’ என்ற தொடரைக் கண்டு, அவளைப் பெரியதொரு கணிப்பொறிக் கருவியாக்கி, அரிய படிமம் என்று வியக்கக்கூடும். அவருடைய அவையிலும் பின்வரிசையில் தமிழறிந்த ஒருவர் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் கப்பல்காரர் கதை எழுதினால், அவர் கட்டும் கொக்கிக்கட்டு மவுசாகவே இருக்கட்டும். அது அவர் கையில் பழகிய சொல். அதைப் பிடுங்கிக்கொண்டு நாம் ஆக்கிய சொல்லைத் திணித்தால், சொல் தூயதாகும்; ஆள் பொய்யாகிவிடுவார்.

அன்பர்களே, நான் கண்ட மலை இதுதான். அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே எண்ணிட்டு வரிசையாக நிற்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளியின், ஒரு மருத்துவரின், ஒரு குடியானவரின் வாழ்விலிருந்து வந்தவை. அந்த வாழ்வை அறிந்தவரைக் கேட்காமல் எழுத்தாளர் தனியே அமர்ந்து பொருள் கொள்ள முடியாது. என் மேசையில் அன்றும் நல்ல அகராதி இருந்தது. ஐயம் தோன்றாததால் நான் அதைத் திறக்கவேயில்லை. ஐயத்தை எனக்குத் தந்தவர் பின்வரிசைப் பெரியவர்.

அவர் இன்று நம்மிடையே இல்லை. சென்ற ஆண்டு காலமானார். அவர் கட்டிக்காட்டிய அந்தக் கொக்கி என் மேசைமேல் இருக்கிறது. கட்டு இன்னும் அவிழவில்லை. மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுதினேன். அந்த வரி இப்போது, ‘கண்ணுக்குக் கீழே கன்றிப் புடைத்திருந்தது’ என்று இருக்கிறது. படிமம் போய்விட்டது. குத்து வாங்கியவனின் முகம் வந்துவிட்டது.

பத்தாண்டுகளில் நம் வட்டம் எத்தனை நூல்களை வெளியிட்டது, எத்தனை கவியரங்குகளை நடத்தியது என்று செயலாளரின் அறிக்கை சொல்லும். பிழையென்று எழுந்து சொல்லக்கூடிய ஒருவரும், அதைக் கேட்டு இரண்டு கூட்டம் கோபித்துக்கொண்டாலும் மூன்றாவது கூட்டத்திற்குத் திரும்பி வரும் ஒருவரும் இங்கே இருந்தார்கள் என்பதையும் அந்த அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்வரிசை நாற்காலிகள் என்றும் நிறைந்திருக்கட்டும்.